பால் பெருகினால் யாருக்கு லாபம்?

கறந்த பாலை மறுபடியும் மடிக்குள் திருப்பி அனுப்ப முடியாது. பால் வியாபாரத்தின் கஷ்டம் முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது.

நெல் விளைந்தால் குதிரில் கொட்டி வைக்கலாம். விலை பிடிக்கவில்லையா, இரண்டு மாதம் பொறுத்து விற்கலாம். பருத்தியும் கடலையும் மூட்டையில் கிடக்கும். பால் அப்படிக் கிடக்காது. கறந்த சில மணி நேரத்துக்குள் அதைக் காய்ச்ச வேண்டும். அல்லது குளிர வைக்க வேண்டும். அல்லது யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் திரிந்து போகும். ஆகவே பாலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு விலை பேசும் குடியானவருக்குத்தான் அவசரம். வாங்குகிறவருக்கு அவசரமே இல்லை. அவசரக்காரன் பேசும் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போதாக்குறைக்கு, மாடும் எருமையும் வருஷம் முழுவதும் ஒரே அளவாகக் கறப்பதில்லை. சில மாதம் குடம் வழியும். சில மாதம் செம்பு நிறையாது. குடம் வழிகிற மாதம்தான் குடியானவருக்கு நல்ல மாதம் என்று நகரத்தில் இருக்கும் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், பால் பெருகும் மாதமே அவர் ஏமாறும் மாதமாக இருந்த காலம் உண்டு. எச்சரிக்கையாக இல்லாவிட்டால் இன்றும் அப்படி ஆகிவிடுகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள குஜராத்துக்குத்தான் போக வேண்டும்.

எருமையின் பஞ்சாங்கம்

அன்றைய கெய்ரா ஜில்லா குஜராத்தின் செழிப்பான பூமி. ஆனந்த் என்ற ஊர் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அங்கே பால் என்றால் பெரும்பாலும் எருமைப் பால்தான்.

எருமைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. பகற்பொழுது குறுகிக்கொண்டு வரும் மாதங்களில்தான் பெரும்பாலான எருமைகள் பருவத்துக்கு வரும். கோடையில் பருவத்துக்கு வந்தாலும் அடையாளம் வெளியே தெரிவதில்லை. சினைக் காலம் பத்து மாதத்துக்குச் சற்று அதிகம். ஆகவே மழைக்காலத்தின் நடுவிலிருந்து குளிர் தொடங்கும் வரையில் கன்றுகள் வரிசையாகப் பிறக்கின்றன. அதே சமயத்தில் மழைக்குப் பிந்திய பசும்புல்லும் கிடைக்கிறது. கன்று ஈன்ற எருமை, வயிறு நிறையப் புல், குளிர்ந்த காற்று, மூன்றும் சேர்ந்துகொள்ளும்போது பால் பெருகாமல் என்ன செய்யும்?

கோடையில் எல்லாம் தலைகீழ். எருமைக்குத் தோல் கறுப்பு. வியர்வைச் சுரப்பியும் குறைவு. வெயிலைத் தாங்காமல் குட்டையைத் தேடி ஓடும். புல் காய்ந்துவிடும். கறவை வற்றும். கெய்ரா ஜில்லாவில் கோடையில் வந்த பாலைப்போல் இரண்டரை மடங்கு பால் குளிர்காலத்தில் வந்தது.

நகரத்தாரின் வயிற்றுக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது. தை மாதம் ஒரு லிட்டர் வாங்கும் குடும்பம் சித்திரையிலும் ஒரு லிட்டர்தான் வாங்கும். சித்திரையில் மோருக்கும் தயிருக்கும் கொஞ்சம் கூடவே கேட்கும். வரவு ஒரு தாளத்தில் போகிறது. செலவு வேறு தாளத்தில் போகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் யாரோ, அவன் கையில்தான் விலை இருக்கிறது.

பம்பாய்க்குப் போன பால்

கெய்ராவில் அப்படி நடுவில் நின்றது போல்சன் என்ற தனியார் கம்பெனி. 1945-ம் வருஷம் பம்பாய் சர்க்கார் நகருக்குப் பால் கொண்டுவர ஒரு திட்டம் போட்டது. ஆனந்திலிருந்து பம்பாய்க்கு 400 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாலைச் சேகரித்து அனுப்பும் உரிமை போல்சன் கம்பெனிக்குக் கிடைத்தது. நகரத்தார் நல்ல விலை கொடுத்தார்கள். குடியானவர் கைக்கு அந்த விலை வந்து சேரவில்லை.

குடியானவர்கள் சர்தார் வல்லபபாய் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். பாலை நீங்களே சேர்த்து நீங்களே விற்க வேண்டும் என்று சர்தார் யோசனை சொன்னார். 1946 ஜனவரி 4-ம் தேதி, மொரார்ஜி தேசாய் முன்னிலையில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம் கூடி, பால் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால்கூடப் பம்பாய்க்குப் போகவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 14-ம் தேதி கெய்ரா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். இரண்டே கிராமங்கள், தினம் சுமார் 250 லிட்டர் பால் என்று வேலை ஆரம்பமாயிற்று.

1949 மே மாதம் ஆனந்துக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். அமெரிக்காவுக்குச் சர்க்கார் செலவில் போய்ப் படித்துவிட்டு, அதற்கு ஈடாகச் சர்க்கார் வேலை பார்க்க வந்தவர். அவர்தான் வர்கீஸ் குரியன். வேண்டா வெறுப்பாக வந்தவர் சங்கத்தோடு ஒட்டிக்கொண்டு விட்டார்.

சங்கம் வளர்ந்தது. கிராமத்துக்குக் கிராமம் சங்கம் முளைத்தது. அப்போதுதான் பஞ்சாங்கம் தன் வேலையைக் காட்டியது. குளிர்காலத்தில் பால் வெள்ளம் வந்தது. பம்பாயோ தனக்கு வேண்டிய அளவுக்குமேல் வாங்க மறுத்தது. மிஞ்சின பாலை என்ன செய்வது? பழையபடி, கிடைத்த விலைக்கு நெய்க்காரனிடம் தள்ள வேண்டியதுதான். சங்கத்தின் வெற்றியே சங்கத்துக்குச் சங்கடமாயிற்று. கோடையில் பாலைக் கொடு என்று கேட்டுவிட்டுக் குளிர்காலத்தில் வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், அந்தச் சங்கத்தைக் குடியானவன் எத்தனை நாள் நம்புவான்?

‘எருமைப் பாலில் பவுடர் வராது’

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. பாலைக் கெடாத பொருளாக மாற்றி வைக்க வேண்டும். கொழுப்பை வெண்ணெயாகவும் நெய்யாகவும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பவுடராக உலர்த்திவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

ஆனால் வெளிநாட்டு நிபுணர்கள் தலையை ஆட்டினார்கள். பவுடர் என்பது பசும்பாலுக்கு ஏற்பட்டது. எருமைப் பாலில் அது வராது என்றார்கள். குரியனோடு ஆனந்தில் இருந்த பால் தொழில் நிபுணர் எச். எம். தலாயா அதை ஒப்புக்கொள்ளவில்லை. எருமைப் பாலைச் சூடான காற்றில் தூவி உலர்த்திப் பவுடராக்கிக் காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் நியூஸிலாந்து சர்க்காரும் உதவி செய்தன. 1955 அக்டோபர் 31-ம் தேதி, சர்தாரின் பிறந்த நாளன்று, பிரதமர் நேரு ஆனந்தில் புதிய ஆலையைத் திறந்துவைத்தார்.

உலகத்தில் எருமைப் பாலில் பவுடர் செய்த முதல் ஆலை என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமை நியாயமானதே. ஆனால் குடியானவருக்கு அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அன்றுமுதல் அவருக்குப் பாலில் ஒரு குதிர் கிடைத்தது. பம்பாய் வாங்காவிட்டாலும் பால் கெடாது என்ற நிலை வந்ததும், விலை பேசும்போது இருந்த அவசரம் குறைந்தது.

ஒரு சின்னக் கணக்கு

இந்தக் குதிர் எப்படி வேலை செய்கிறது? புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காகப் போடும் கணக்குத்தான்.

ஒரு பால் சங்கத்துக்கு மார்கழி, தை மாதங்களில் தினம் 2,50,000 லிட்டர் எருமைப் பால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் 1,00,000 லிட்டர்தான். நகரம் வருஷம் முழுவதும் தினம் 1,50,000 லிட்டர் கேட்கிறது. அதாவது குளிர்காலத்தில் தினம் ஒரு லட்சம் லிட்டர் மிச்சம். கோடையில் தினம் ஐம்பதாயிரம் லிட்டர் பற்றாக்குறை.

எருமைப் பாலில் லிட்டருக்குச் சுமார் 65 கிராம் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு நீங்கலான மற்றச் சத்து சுமார் 90 கிராம். மிச்சமான ஒரு லட்சம் லிட்டரிலிருந்து ஆறரை டன் கொழுப்பும், ஒன்பது டன் பவுடரும் கிடைக்கும்.

இப்போது கோடை வருகிறது. வருகிற ஒரு லட்சம் லிட்டரில் பாதியை அப்படியே விற்கிறார்கள். மீதி ஐம்பதாயிரம் லிட்டரோடு ஐம்பதாயிரம் லிட்டர் தண்ணீரும் நான்கு டன் பவுடரும் சேர்க்கிறார்கள். தண்ணீர் என்றதும் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கொழுப்பு நூற்றுக்கு 3, மற்றச் சத்து நூற்றுக்கு எட்டரை இருக்கும்படி சட்ட அளவுப்படி கலந்து, பெயரை வெளிப்படையாகச் சொல்லி விற்பதே ‘டோன்டு’ பால். பம்பாயில் பால் கமிஷனராக இருந்த தாரா குரோடி 1940-களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. இப்படி ஐம்பதாயிரம் லிட்டர் ஒரு லட்சமாகிறது. முதலில் விற்ற ஐம்பதாயிரத்தையும் சேர்த்தால் 1,50,000 லிட்டர். நகரத்தின் தேவை தீர்ந்தது.

குளிர்காலத்தில் ஒரு நாள் மிஞ்சின பால், கோடையில் இரண்டு நாள் பஞ்சத்தைத் தீர்க்கிறது. மிச்சப் பவுடரும் நெய்யும் வேறு சந்தைக்குப் போகின்றன. சித்திரை வெயிலில் நாம் குடிக்கும் காபியில் மார்கழியில் கறந்த பாலும் கலந்திருக்கலாம்.

சும்மா கிடக்கும் யந்திரம்

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் குதிர் கட்டச் செலவு உண்டு.

ஒரு கிலோ பவுடருக்குக் கொழுப்பு நீக்கிய பால் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டும். ஒன்பது கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். எரிபொருள் செலவு கொஞ்சமல்ல.

அதைவிடப் பெரிய செலவு, வேலை இல்லாத நாள்களின் செலவு. நம் உதாரணத்தில் பவுடர் யந்திரத்துக்கு முழு வேலை வருஷத்தில் சுமார் 120 நாள்தான். மற்ற நாள்களில் அது அரையும் குறையுமாக ஓடும்; அல்லது சும்மா கிடக்கும். யந்திரம் தூங்கினாலும் கடனுக்கு வட்டி தூங்குவதில்லை. வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். 300 நாள் ஓடும் யந்திரத்தில் ஒரு கிலோ பவுடர் சுமக்கும் வட்டியைப்போல், 120 நாள் ஓடும் யந்திரத்தில் ஒரு கிலோ பவுடர் இரண்டரை மடங்கு சுமக்கிறது.

சரி, சின்ன யந்திரமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சின்ன யந்திரம் வைத்தால் தை மாதத்துப் பால் பாதி வழியில் நிற்கும். ‘இன்று பால் வேண்டாம்’ என்று சங்கத்தில் பலகை தொங்கும். பெரிதாகக் கட்டினால் கோடையில் நஷ்டம். சிறிதாகக் கட்டினால் குளிர்காலத்தில் அநியாயம். பால் தொழிலின் தீராத தலைவலி இது.

மூன்றாவது செலவு, கிடங்கில் முடங்கும் பணம். குடியானவர் இன்று ஊற்றின பாலுக்குச் சில நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பாலின் பவுடர் விற்றுக் காசாக ஐந்து மாதம் ஆகலாம். நடுவில் உள்ள வட்டியைச் சங்கம் கட்டுகிறது.

இந்தத் தலைவலியை வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட நாடு ஒன்று இருக்கிறது. நியூஸிலாந்தில் மாடுகள் அநேகமாகப் புல்லை மேய்ந்தே வாழ்கின்றன. அங்கே வசந்தம் தொடங்கும் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் எல்லா மாடும் ஏறக்குறைய ஒன்றாகக் கன்று ஈனும்படி ஏற்பாடு செய்கிறார்கள். அக்டோபர் வாக்கில் பால் உச்சிக்குப் போகிறது. ஜூன் மாதக் குளிரில் பெரும்பாலான மாடுகளைக் கறப்பதே இல்லை. பல ஆலைகளில் அப்போது பழுது பார்க்கும் வேலை நடக்கும். இது அவர்களுக்குக் கட்டுகிறது. ஏனென்றால் புல் மலிவு. உள்ளூரில் குடிக்க ஜனங்கள் குறைவு. பாலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பவுடராகவும் வெண்ணெயாகவும் பாலாடைக் கட்டியாகவும் வெளிநாடு போகிறது. தினம் காலையில் வாசலில் பால் வேண்டும் என்று கேட்கும் கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள நம் நாட்டுக்கு இந்த வழி ஒத்துவராது.

பவுடர் விலை விழுந்தால்?

பவுடர் நெடுநாள் கெடாது என்பதே ஒரு ஆபத்தும் ஆகும். கெடாத பொருள் கப்பலேறி எங்கிருந்தும் வரலாம். ஒரு நாட்டில் மிஞ்சினது இன்னொரு நாட்டின் விலையை அடித்துவிடும். குதிர் வைத்திருக்கும் குடியானவரையும் அது விட்டுவைக்காது.

1970-ம் ஆண்டு தொடங்கிய ‘பால் பெருக்கு’த் திட்டம் இந்த ஆபத்தை ஒரு நன்மையாக மாற்றிக் காட்டியது. ஐரோப்பாவில் அப்போது பவுடரும் வெண்ணெயும் மலைபோல் குவிந்திருந்தன. உலக உணவுத் திட்டத்தின் மூலமாக 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் இந்தியாவுக்கு இனாமாக வந்தன. இனாமாக வந்ததை இனாமாகவோ மலிவாகவோ விற்றிருந்தால், உள்ளூர்ப் பாலுக்கு விலையே இல்லாமல் போயிருக்கும். அப்படிச் செய்யவில்லை. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் அதைப் பாலாகக் கலந்து விலைக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் கிராமச் சங்கங்களையும் குளிர்பதன நிலையங்களையும் கட்டினார்கள். பால் மிஞ்சின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ரயிலில் பால் டாங்கிகள் ஓடின. 1990-களின் கடைசியில் உலகத்திலேயே அதிகப் பால் கறக்கும் நாடாக இந்தியா ஆயிற்று.

ஆனால் வெள்ளம் வடிந்துவிடவில்லை. 2018-ல் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். உலகச் சந்தையில் பவுடர் விலை விழுந்திருந்தது. கிடங்குகளில் பவுடர் தேங்கியது. பவுடர் விலை போகாதபோது, பாலுக்கு மட்டும் எப்படி விலை கிடைக்கும்? அந்த வருஷம் ஜூலை மாதம் மகாராஷ்டிரக் குடியானவர்கள் பாலைச் சாலையில் கொட்டினார்கள். லிட்டருக்கு 25 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று மாநில சர்க்கார் அறிவித்த பிறகே கிளர்ச்சி ஓய்ந்தது. பாலைக் கொட்டலாமா என்று நகரத்தில் பலர் கோபித்துக்கொண்டார்கள். அந்தப் பாலுக்கு அவர்கள் போட்ட தீவனத்தின் செலவுகூடத் திரும்பி வராத நிலையில், அதைக் கொட்டினவர்களின் வயிற்றெரிச்சலை யார் நினைத்தார்கள்?

செலவு யார் தலையில்?

ஆகக் கடைசியில் ஒரே கேள்விதான். பால் பெருகும் காலத்துக்கும் வற்றும் காலத்துக்கும் நடுவே பாலம் கட்டும் செலவை யார் ஏற்பது?

தனியார் வியாபாரியிடம் விட்டால் விடை சுலபம். தை மாதத்தில் விலையைக் குறைத்துக் குடியானவர் தலையில் ஒரு பாதி. சித்திரையில் விலையை ஏற்றி நகரத்தார் தலையில் மறு பாதி. நடுவில் உள்ளது அவர் லாபம்.

கூட்டுறவின் விடை வேறு. நல்ல சங்கம் வருஷம் முழுவதும் வந்த வருமானத்தை ஒரே பானையில் போடுகிறது. புதுப் பாலில் கிடைத்த லாபம் பவுடரில் வந்த நஷ்டத்தைத் தாங்குகிறது. வருஷக் கடைசியில், ஊற்றின பாலுக்குத் தக்கபடி போனஸ் கொடுக்கப்படுகிறது. குளிர்காலத்தில் ஒரு நாளும் பால் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்த நம்பிக்கைதான் சங்கத்தின் முதல்.

இந்த முறை நீடிக்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, கோடைப் பாலுக்குக் கூடுதல் விலை. கோடையில் கறக்க வைப்பது கஷ்டமான வேலை. அதற்குத் தீவனம் வேண்டும். நிழலும் தண்ணீரும் வேண்டும். கூடுதல் விலை கொடுத்தால்தான் குடியானவர் மழைக்காலத்துப் புல்லைக் குழியில் போட்டு ஊறுகாய்ப்புல்லாகச் சேமிப்பார். கலப்புத் தீவனம் வாங்குவார். ஆனந்த் சங்கம் 1964-லேயே கஞ்சரி என்ற ஊரில் தீவன ஆலை கட்டியதன் காரணமும் இதுதான். பஞ்சாங்கத்தை அடியோடு மாற்ற முடியாது. இரண்டரை மடங்கு வித்தியாசத்தை ஒன்றரை மடங்காகக் குறைத்தாலே யந்திரத்தின் தூக்கம் பாதி கலையும்.

இரண்டாவது, பவுடர் கிடங்கை நெல் கிடங்கைப்போல் எண்ண வேண்டும். நெல்லைச் சர்க்கார் கொள்முதல் செய்து சேமிப்பதை யாரும் வீண் செலவு என்பதில்லை. பால் மிஞ்சும் மாதங்களில் சேரும் பவுடருக்கு வட்டிச் சலுகை கொடுத்தால் என்ன? பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே மாதங்களில் ஒரு தம்ளர் பால் கொடுத்தால் என்ன? கிடங்கும் குறையும், பிள்ளைகளுக்கும் பலம் வரும்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பவுடர் விஷயத்தில் நிதானம். கோடையில் தட்டுப்பாடு என்றதும் அவசரமாக இறக்குமதி செய்தால், அந்தப் பவுடர் வந்து சேரும்போது மழை பெய்து பால் பெருகியிருக்கும். குடியானவர் குளிர்கால விலையை அது கெடுக்கும். விலை கெட்டால் அவர் எருமையை விற்பார். அடுத்த கோடையில் தட்டுப்பாடு இன்னும் கடுமையாகும்.

நகரத்தில் உள்ள நமக்கும் ஒரு கடமை உண்டு. பால் விலை ஏறும்போது முணுமுணுக்கிறோம், அது இயற்கை. ஆனால் குளிர்காலத்தில் பால் பெருகும்போது, விலையை ஏன் இறக்கவில்லை என்று கேட்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். அந்த மாதம் நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, கோடையில் நம் வீட்டுக் குழந்தைக்குப் பால் தவறாமல் வந்து சேருவதற்காகச் சேமித்து வைக்கப்படுகிறது.

விடியற்காலையில் கிராமச் சங்கத்தின் வாசலில் செம்பும் தூக்குமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். மார்கழியில் அந்த வரிசை நீளம்; சித்திரையில் குட்டை. எந்த மாதத்திலும் அந்தக் கதவு சாத்தாமல் இருக்க வேண்டும்.